ஸிப் வைத்த வேதப்புத்தகம்

யூட்டின் நெற்றி ஓட்டோவின் ஹோர்ன் பொத்தானில் போய் விழுந்தது. ஆலங்குடாச் சந்தியில் காலை ஏழு மணிக்கு ஓர் அலறல் எழுந்து, நிற்காமல் நீண்டது. எதிர்க் கடையில் பாண் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீதியோரம் படுத்திருந்த நாய் எழுந்துபோய் வேறு இடம் பார்த்துப் படுத்தது.

பக்கத்து ஓட்டோவிலிருந்து மீரா முகைதீன் தலையை நீட்டினார். பள்ளிவாசல்துறைக்காரர். பதினான்கு வருடமாக இருவரும் இதே தரிப்பிடத்தில் அடுத்தடுத்து ஓட்டோ நிறுத்துகிறவர்கள்.

"மச்சான்! உசிரோட இரிக்கிறியா?"

யூட் நிமிர்ந்தார். நெற்றியில் வட்டமாக ஓர் அச்சு விழுந்திருந்தது.

"நித்திரையாகிட்டன்."

"ராவு படுக்கல்லியா?"

"நல்லாப் படுத்தன். இத வாசிச்சாத்தான் இப்பிடி வருது." மடியில் கிடந்த வேதப்புத்தகத்தைக் காட்டினார். "ஆர் ஆரைப் பெத்தது, எத்தினை வருசம் இருந்தது எண்டு அஞ்சாம் அதிகாரம் முழுக்கப் பேர்தான். மூண்டாவது ஆளோட எனக்குக் கண் சொருகுது."

ஐம்பத்திரண்டு வயது யூட்டுக்கு இந்தப் பழக்கம் தொடங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. தொடங்கிய காரணத்தைப் பக்தி என்று சொல்லிவிட முடியாது. மானம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

முந்தின மாதம் அவருடைய மனைவி அல்பொன்சாவின் சித்தி மகன் புதுவீடு கட்டி, அதை ஆசீர்வதித்து மந்திரிப்பதற்குப் பாதரை அழைத்திருந்தான். வாசகம் வாசிக்க வேண்டிய ஆசிரியருக்குக் காய்ச்சல். பாதர் முன்னால் நின்ற யூட்டின் கையில் வேதப்புத்தகத்தைக் கொடுத்து, "லூக்கா" என்று தொடங்கி ஏதோ இலக்கம் சொன்னார். யூட் முன்னே புரட்டினார், பின்னே புரட்டினார். லூக்கா அகப்படவில்லை. எண்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவசரத்தில் 'லூ'வும் 'லே'யும் ஒன்றுபோலத் தெரிந்தன. லேவியர் நூலில் 'வீடு' என்ற சொல் கண்ணில் பட்ட இடத்தில், தெய்வமே என்று தொடங்கிவிட்டார்.

நல்ல குரல் அவருக்கு. புதுவீட்டின் நடுவில் நின்று கணீரென்று வாசித்தார். சுவரில் பச்சையும் சிவப்புமாகப் பூசணம் பிடித்தால் குரு வந்து பார்க்க வேண்டும்; ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைக்க வேண்டும்; அதற்குப் பிறகும் பரவியிருந்தால் கல்லும் மரமும் சாந்துமாக வீட்டை இடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று, கடைசி வரி வரைக்கும் ஒன்றும் விடாமல். வீட்டுக்காரன் மெல்லத் திரும்பி, குளியலறைச் சுவரில் ஈரம் ஊறியிருந்த இடத்தைப் பார்த்தான். அதை எல்லாரும் பார்த்தார்கள்.

பாதர் கோபிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு யூட்டைத் தனியே கூப்பிட்டார்.

"ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், யூட். பல்லு விளக்கிற மாதிரி. நாப்பது நாள் விடாமச் செய்யுங்க. முதல்ல நீங்க பழக்கத்தப் பிடிச்சுக்கொண்டு நிப்பீங்க. பிறகு அது உங்களப் பிடிச்சுக்கொள்ளும்."

வீட்டில் வேதப்புத்தகம் இல்லாமலில்லை. கலியாணத்துக்கு வந்த பெரிய புத்தகம், பொன் விளிம்பு போட்டது, அலுமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக நிமிர்ந்து நின்றது. யூட் அதை எடுக்கப் போனதும் அல்பொன்சா குறுக்கே வந்தாள்.

"அதத் தொடாதீங்க! மெரினாட பிறப்புப் பத்திரம், காணி உறுதி, உங்கட லைசன் கொப்பி எல்லாம் அதுக்குள்ளதான் வச்சிருக்கிறன். எந்தப் பக்கத்தில எது இருக்கெண்டு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப வாசிக்கிறதுக்கு?"

"வாசிக்கிறதுக்கு ஆர் இவ்வளவு பெரிசா வாங்குவாங்க?"

ஆகவே மகள் மெரினா மறைக்கல்விக்குப் போன காலத்து அட்டையில்லாத பிரதிதான் கிடைத்தது. வீட்டில் வாசித்தால் தொலைக்காட்சி. கட்டிலில் வாசித்தால் குறட்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கிக் கைட் விளையாட வரும் வெள்ளைக்காரர்கள் எழும்புவதற்கு முன் சந்தியில் அரை மணித்தியாலம் சும்மா நிற்பார். அந்த நேரம்தான் சரியென்று முடிவு செய்தார்.

ஆனால் ஆலங்குடாவின் காற்றை நம்பித்தான் வெள்ளைக்காரர் அவ்வளவு தூரம் வருகிறார்கள். ஆறாம் நாள் யூட் புத்தகத்தைத் திறந்த கையோடு, பசை விட்டிருந்த நான்கு தாள்கள் எழும்பி வீதியைக் கடந்து பறந்தன.

"மச்சான், பிடி! பெருவெள்ளம் போகுது!"

மீரா முகைதீன் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். ஒரு தாளைத்தான் பிடிக்க முடிந்தது. "நூஹு நபிட கப்பல்தானே? அது எங்கயாவது கரை தட்டும், யோசிக்காத," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

அன்றே யூட் புத்தளம் டவுனுக்குப் போனார். நடைபாதைக் கடையில் கைக்கடக்கமான ஒரு வேதப்புத்தகம் இருந்தது. கறுப்புத் தோல் உறை, சுற்றிவர ஸிப். இழுத்து மூடினால் புயலிலும் ஒரு தாள் அசையாது. மணல் உள்ளே போகாது. ஓட்டோக்காரனுக்கென்றே செய்ததுபோல இருந்தது. அவ்வளவு நல்ல பொருளை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை என்று நினைத்தார்.

அங்கேதான் பிழை நேர்ந்தது.

பத்தாம் நாள் தாண்டியதும் நித்திரை வருவது நின்றது. பதினைந்தாம் நாள், ஏழு மணிக்கு ஹயருக்கு ஆள் வந்தபோது யூட்டுக்கு எரிச்சல் வந்தது. பாதி அதிகாரத்தில் ஆபிரகாம் நின்றுகொண்டிருந்தார். பின்னேரம் போடும் கால் போத்தல் சாராயம், காலையில் கண் எரியுமே என்ற பயத்தில் அரைக் கிளாஸானது, பிறகு இல்லாமலே போனது. அதை யூட் கவனிக்கவில்லை. அல்பொன்சா கவனித்தாள். சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

கவனித்தவர்கள் வேறும் இருந்தார்கள். இருபதாம் நாளளவில் கோயில் திருவிழாக் குழுக்காரர் ஒருவர் யூட்டைக் கண்டும் காணாததுபோலப் போனார். மறுநாள் மெழுகுதிரி விற்கும் அக்கா, "உங்களுக்கு இனி இது தேவைப்படாதுதானே," என்றாள். யூட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அல்பொன்சா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இஞ்சாருங்க. உண்மையச் சொல்லுங்க. நீங்க சபைக்குப் போறீங்களா?"

சபை என்றால் அந்தக் கரையில் ஒரே அர்த்தம்தான். தகரக் கொட்டிலில் கை தட்டிப் பாடி ஆராதிக்கும் அல்லேலூயாக்காரர். சுருவம் என்று ஒரு புனிதர் சிலை வைக்கமாட்டார்கள், திருவிழா இல்லை, சாராயம் தொடமாட்டார்கள். ஒரு குடும்பம் அங்கே போய்விட்டால் மற்றக் கத்தோலிக்கக் குடும்பங்கள் செத்தவீட்டுக்கு அழுவதுபோல அழும்.

"ஆர் சொன்னது?"

"ஊர் சொல்லுது. ஸிப் வச்ச பைபிள் அவங்கதானே கொண்டு திரியிறது!"

யூட் சிரித்தார். "விசரி, அது காத்துக்கு வாங்கினது. நான் சும்மா ஆதியாகமம் வாசிக்கிறன்."

அல்பொன்சாவின் முகம் வெளுத்தது. "ஆதியாகமமா? எங்கட ஆக்கள் தொடக்கநூல் எண்டெல்லோ சொல்றது! பேரையே மாத்திப்போட்டாங்களே உங்களுக்கு!"

யூட் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினார். அங்கேயும் ஆதியாகமம் என்றுதான் போட்டிருந்தது. காட்டியிருக்கத் தேவையில்லை என்று பிறகு தோன்றியது.

பயந்து ஒளித்தால்தான் சந்தேகப்படுவார்கள், வெளிச்சத்தில் காட்டிவிடுவோம் என்று யூட் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புத்தகத்தோடு போய் முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்தார். கோயிலுக்கு வருகிறவன் எப்படிச் சபைக்காரனாவான்? நல்ல யோசனைதான்.

பிரசங்கத்தில் பாதர் ஆபிரகாமைப் பற்றிச் சொன்னார். "எழுபது வயசில ஆண்டவர் கூப்பிட்டதும் கேள்வி கேக்காம வெளிக்கிட்டார்." யூட்டுக்கு எழுபது என்றது இடித்தது. பார்த்துவிடலாம் என்று ஸிப்பை இழுத்தார். அமைதியான கோயிலில் அது 'சர்ர்ர்' என்று பீடத்திலிருந்து வாசல்வரைக்கும் கேட்டது. பாதர் நிறுத்தினார். யூட் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்து, விரல் வைத்துப் பார்த்து, தன்னை மறந்து தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"எழுபத்தஞ்சு," என்று பாதர் திருத்திக்கொண்டார்.

யூட் திருப்தியாக ஸிப்பை மூடினார். சர்ர்ர்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அவரைச் சுற்றி ஒரு வெற்றிடம் நகர்ந்தது. சபைக்குப் போனது போதாதென்று, பாதரைச் சோதிக்கவும் வந்துவிட்டான் என்று மத்தியானச் சோற்றுக்கு முன்பே ஆலங்குடா முழுவதும் கதை பரவியது. பாதர் மட்டும் கையைப் பிடித்து, "நன்றி யூட், தொடர்ந்து வாசியுங்க," என்றார். அதைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள், பாதர் கெஞ்சுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சரி, இனி ஒருவர் கண்ணிலும் படாமல் வாசிப்போம் என்று யூட் தீர்மானித்தார். சந்தியை விட்டு, தென்னந்தோட்டத்துக்குப் பின்னால் ஆளரவமில்லாத ஒரு வேப்பமரத்தடியைத் தேடிப் பிடித்தார். நல்ல நிழல். குருவிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. நான்கு நாள் நிம்மதியாகப் போனது. ஈசாக்கின் இளைய மகன் அண்ணனை ஏமாற்றினார், ஊரைவிட்டு ஓடினார், கலியாணம் கட்டினார்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ கிட்டாரைத் தட்டினார்கள். பிறகு நாற்பது பேர் ஒரே குரலில் பாடத் தொடங்கினார்கள். யூட் எழும்பி எட்டிப் பார்த்தார். புதுத் தகரம் போட்ட கொட்டில். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம்.

வெளியே வந்த ஒரு அம்மா அவருடைய மடியிலிருந்த ஸிப்பைக் கண்டு முகம் மலர்ந்தாள். "ஏன் தம்பி வெளிய இருக்கிறீங்க? கூச்சப்படாம உள்ள வாங்க." யூட் வேண்டாமென்றார். அந்த அம்மா உள்ளே போய் ஒரு பிளேன்டி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்காவிட்டால் மரியாதையில்லை என்று வாங்கி இரண்டு மிடறு குடித்தார். அந்த இரண்டாவது மிடற்றில்தான் மெழுகுதிரி அக்கா சைக்கிளில் அந்த வழியால் போனாள்.

"மச்சான், நீ வாசிக்கப் போன இடமெல்லாம் ஒனக்கு எதிரா நிக்கிது," என்றார் மீரா முகைதீன். "பேசாம இங்கயே நின்டு வாசி. நான் ஆக்கள் வந்தா ஹோர்ன் அடிக்கிறன்."

அப்படியே நடந்தது. கோயில் ஆட்கள் வந்தால் ஒரு ஹோர்ன். யூட் புத்தகத்தைச் சீட்டுக்குக் கீழே தள்ளுவார். ஹோர்ன் கேட்டதும் எதையோ ஒளிக்கிறான் என்ற கதையும் சேர்ந்துகொண்டது. என்றாலும் ஒரு நாளும் விடுபடவில்லை. முப்பத்தேழாம் நாள் காலை யோசேப்பின் கதைக்கு வந்துவிட்டார். சகோதரர்களே பிடித்துக் குழியில் போட்டு, வழியால் போன வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த அதிகாரத்தையும் பார்த்துவிடலாமா என்று கை போனது. ஒரு நாளைக்கு ஒன்று என்று பாதர் சொன்னதை நினைத்துக்கொண்டு ஸிப்பை மூடினார்.

"யூசுப் நபிதானே?" என்றார் மீரா முகைதீன். "அதுக்குப் பொறகு என்ன நடந்திச்சி தெரியுமா?"

"சொல்லாத! நாளைக்கு நானே வாசிப்பன்."

அன்று மத்தியானம் அல்பொன்சாவின் அண்ணன் பஸ்தியான் சிலாபத்திலிருந்து வந்து இறங்கினார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. மெரினாவுக்குச் சிலாபத்துப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். மாப்பிள்ளை சஜீவன், வள்ள எஞ்ஜின் திருத்துகிறவன். படம் பார்த்து இரண்டு பக்கமும் சரியென்று சொல்லி ஒரு மாதமாகப் பிள்ளைகள் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரை விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கும் மெரினா, அழைப்பு வந்தால் இப்போதெல்லாம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போவாள். சிரிப்பை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

"மச்சான், எல்லாம் கெட்டுது," என்றார் பஸ்தியான். "நீங்க காலையில காலையில பைபிளோட இருக்கிற கதை அவங்கட காதுக்குப் போயிட்டுது. நாளைக்கே நேர வந்து பாக்கப் போறாங்களாம்."

அல்பொன்சா கதிரையில் சரிந்தாள். "ஐயோ, என்ட பிள்ளைட வாழ்வு!"

"சும்மா குடும்பமில்ல அது. மாப்பிள்ளைட தகப்பன் சவிரியான் அண்ணன் இருக்கிறாரே, அவர்ட அப்பாதான் அவங்கட கோயிலுக்கு மணியே செய்து குடுத்தவர். அப்பிடிப்பட்ட ஆக்கள் ஒரு சபைக்காரன்ட வீட்டில பெண் எடுப்பாங்களா?"

"நான் சபைக்காரனில்ல!" என்றார் யூட்.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வாறவங்களுக்குத் தெரியோணுமே."

யூட் மகளைப் பார்த்தார். கையில் தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் யூட் மறுத்துப் பார்த்திருப்பார். பேசாமல் நின்றதுதான் அவரை உடைத்தது.

பின்னேரம் சந்திக்குப் போய், ஸிப் வைத்த புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி மீரா முகைதீனிடம் நீட்டினார்.

"கொஞ்ச நாளைக்கு உன்னட்ட இருக்கட்டும்."

"என்னட்டயா? என்ட பொஞ்சாதி கண்டா என்ட கதை என்ன?" என்றாலும் வாங்கிக்கொண்டார். சீட்டுக்குக் கீழே வைக்கப் போனவர் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலே உயரமான தட்டில் வைத்தார். "மூணு நாள்தானே மச்சான் இரிந்திச்சி நாப்பதுக்கு?"

"ஓம்."

"யூசுப் நபி குழியிலதானே இன்னும்?"

"இல்ல. வித்துப்போட்டாங்க," என்றார் யூட்.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டைத் திருவிழாக் கோலமாக்கும் பொறுப்பைப் பஸ்தியான் எடுத்துக்கொண்டார். கோயில் அறையில் ஓரமாகக் கிடந்த பழைய அந்தோனியார் சுருவத்தை, நாலடி உயரம், கேட்டு வாங்கிவந்து முன்னறையின் நடுவில் நிறுத்தினார். கையும் மூக்கும் உடைந்த இடத்தைப் பூமாலை மறைத்தது. சுற்றிவர மின்குமிழ்கள் சிவப்பும் பச்சையுமாக மாறிமாறி எரிந்தன. சுவரெல்லாம் படங்கள். யூட்டின் கழுத்தில் செபமாலை. அது பற்றாதென்று அல்பொன்சா இன்னொன்றையும் போட்டுவிட்டாள்.

கடைசியாகப் பஸ்தியான் பையிலிருந்து ஒரு முழுப் போத்தல் சாராயத்தை எடுத்து, சுருவத்துக்கு முன்னாலிருந்த மேசையில், வாசலால் வருகிறவர் முதலில் காணும்படி வைத்தார்.

"இதென்னத்துக்கு?" என்றார் யூட்.

"இதுதான் சாட்சி. சபைக்காரர் இதுட மூடியக்கூடத் தொடமாட்டாங்க. வந்ததும் ஊத்திக் குடுங்க, நீங்களும் போடுங்க. ஒரு சந்தேகமும் மிஞ்சாது."

பதினேழு நாளாக மணம்கூடப் பிடிக்காத யூட் மனைவியைப் பார்த்தார். அல்பொன்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தானே போய் நாலு கிளாஸ் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

பதினொரு மணிக்கு வேன் வந்து நின்றது. சவிரியான், அவருடைய மனைவி திரேசா, சஜீவன் மூவரும் இறங்கினார்கள். சிரித்த முகத்தோடு வாசற்படி ஏறிய சவிரியான் முன்னறையில் கால்வைத்ததும் நின்றார். மின்குமிழ் சிவப்பானது, பச்சையானது. அவர் சுருவத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். யூட்டின் கழுத்திலிருந்த இரண்டு செபமாலைகளையும் பார்த்தார்.

அசந்து போனார் என்று பஸ்தியான் கண்ணைக் காட்டினார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். சவிரியான் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நீங்க காலையில வேதம் வாசிக்கிற பழக்கமுள்ள ஆள் எண்டு கேள்விப்பட்டம்."

"நானா? ஆர் சொன்னது? பேப்பர் வாசிச்சிருப்பன்," என்றார் யூட்.

திரேசா மெல்லக் கேட்டாள்: "ஓட்டோவுக்குள்ள ஸிப் போட்ட ஒரு புத்தகம் இருக்குமாமே அண்ணன்?"

"அது வண்டிட லைசன், இன்சூரன்ஸ் வைக்கிற பை, தங்கச்சி."

சஜீவன் கூச்சத்தோடு முன்னுக்குச் சரிந்தான். "மாமா, நீங்க யோசேப்புட கதை வரைக்கும் வந்திட்டீங்க எண்டு மெரினா சொன்னாவே?"

கதவுக்குப் பின்னால் நின்ற மெரினா தலையைக் குனிந்துகொண்டாள். அல்பொன்சா அவளைப் பார்வையால் சுட்டெரித்தாள்.

"எனக்கு எந்த யோசேப்பையும் தெரியாது," என்றார் யூட்.

சொல்லி முடித்ததும் அவருக்கு என்னவோபோல் இருந்தது. மூன்றாம் தரம். சீடன் ஆண்டவரை மூன்று தரம் தெரியாதென்று மறுத்ததும் சேவல் கூவிய கதை, பெரிய வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் கேட்கிறது, அவருக்கும் தெரியும். அறியாமலே காது வெளியே போனது. சேவலொன்றும் கூவவில்லை, வீட்டிலிருந்த ஒரே சேவல் காலையிலேயே கறியாகிவிட்டது.

பஸ்தியான் போத்தலைத் திறந்தார். சவிரியான் கையை உயர்த்தித் தடுத்தார். "எனக்கு வேணாம். உடம்புக்கு ஒத்துக்கொள்றல்ல." சஜீவனும் வேண்டாமென்றான். மாப்பிள்ளைப் பெடியன், மாமனாருக்கு முன்னால் வெட்கப்படுகிறான் என்று யூட் நினைத்தார். சாட்சி சொல்ல வேறு ஆளில்லாததால் தானே எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். நெஞ்சு எரிந்தது. பஸ்தியான் இன்னொன்று ஊற்றினார். அதையும் குடித்தார்.

சாப்பாட்டு மேசையில் வந்தவர்கள் மூவரும் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார்கள். வேன் பயணத்தில் தலை சுற்றியிருக்கும் என்று அல்பொன்சா எலுமிச்சம்பழம் வெட்டிக் கொண்டுவந்து வைத்தாள். திரேசாவின் கண் ஓரம் கலங்கியிருந்தது. சேவற்கறி உறைப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்து, அல்பொன்சா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. சவிரியான் எழும்பினார். "நல்ல குடும்பம். நல்ல பிள்ளை. நாங்க யோசிச்சு அறிவிக்கிறம்," என்றார். யோசிக்கிறோம் என்ற சொல்லில் அல்பொன்சாவின் முகம் விழுந்தது. சஜீவன் வாசலில் நின்று மெரினாவைப் பார்த்தான். அவள் இந்த முறை வேப்பெண்ணெய் முகம் வைக்கவில்லை. அழுதுவிடுவாள்போல இருந்தாள்.

திரேசா கை கழுவப் பின்பக்கம் போனாள். மற்றவர்கள் முற்றத்தில் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். யூட்டுக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஒரு தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனார். சாரதி புத்தளத்துப் பெடியன், ஸியாத் என்று பெயர். சாப்பிட்டுவிட்டுச் சீட்டில் சாய்ந்திருந்தான்.

"தம்பி," என்றார் யூட், குரலைத் தாழ்த்தி. "நீங்க இவங்களோட பழகின ஆள். வரக்குள்ள சிரிச்சுக்கொண்டு வந்தாங்க. இப்ப முகமே சரியில்ல. நான் சபைக்காரனில்ல எண்டு காட்ட இவ்வளவும் செய்தனே, எங்கட வீட்டில என்ன குறையக் கண்டாங்க?"

ஸியாத் தேத்தண்ணியை வாங்கி, முற்றத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, யூட்டை இரக்கத்தோடு பார்த்தான்.

"மூணு வருசமா ஞாயித்துக்கெழம தோறும் இவங்களச் சபைக்கு ஏத்திட்டுப் போறதே நான்தான் அண்ணன், வேதம் வாசிக்கிற சம்பந்தி கெடச்சிட்டாரு எண்டு இண்டைக்கு வழி நெடுகப் பாடிக்கிட்டு வந்தாங்க."